பழைய பெட்டிக்கு இன்னும் உயிர் உண்டா?



இல்லத்தின் வரவு செலவு குறித்து மாதந்தோறும் இப்பகுதியில் அளவளாவி வருகிறோம். நகைச்சீட்டு, கல்விக் கடன், காப்பீடு எனப் பலவும் பேசியாயிற்று. இம்முறை பேசவிருப்பது இருபது ஆண்டுகளுக்கு முன் நம் இல்லங்களில் பலர் கண்டிராத ஒரு பொருள். இன்றோ அது கல்லூரியில் பயிலும் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கவலையாகி நிற்கிறது. அப்பொருள் மடிக்கணினி.

வீரபாண்டியிலிருந்து ஒரு சகோதரி நமக்கு மடல் எழுதியுள்ளார். கணவரை இழந்தவர்; நூற்பாலையில் வேலை செய்து இரு பிள்ளைகளை வளர்த்தவர். மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்றபோது, 2014இல், அரசு வழங்கிய மடிக்கணினி வீட்டில் உள்ளது. மகன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறார். இளையவளான மகள் இவ்வாண்டு பி.காம். சேர்ந்திருக்கிறாள். பெட்டியைத் திறந்தால் எழுத்து தோன்றவே பத்து நிமிடம் ஆகிறதாம். பழுது பார்க்க எடுத்துச் சென்ற இடத்தில், "இது குப்பை, அம்மா, புதிது வாங்குங்கள்" என்று கூறி நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். சகோதரியின் கையில் இருப்பது ஒன்பதாயிரம் ரூபாய். காதில் இருக்கும் தோட்டை அடகு வைக்கலாமா என்பதே அவர் வினா. மடலின் ஓரத்தில் பின்னர் நினைவு வந்தவராய் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "அவர் இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் அந்தப் பழைய பெட்டியில்தான் இருக்கின்றன."

அவ்வரியிலிருந்தே தொடங்குகிறோம். வேகமும் விலையும் பிறகு வரட்டும்.

அப்பெட்டிக்குள் தகவல்களைக் காப்பது ஹார்ட் டிஸ்க் எனப்படும் சுழல் வட்டு. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டின்மீது, மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளியில் ஒரு முள் மிதந்து செல்கிறது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வட்டு எந்நாளும் நின்றுபோகலாம். முன்னறிவிப்புத் தருவதும் உண்டு, தராமல் போவதும் உண்டு. "டிக், டிக்" என்ற ஒலி கேட்டாலோ, ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிடம் ஆனாலோ, உடனே நிறுத்திவிட வேண்டும். ஆகவே, சகோதரியே, பெட்டியை எவரிடமும் கொடுக்குமுன் படங்களை எல்லாம் ஒரு பென் டிரைவிலோ, மகனிடம் இருக்கும் வேறொரு கணினியிலோ படியெடுத்துவிடுங்கள். ஒரே பிரதி என்பது பிரதியே இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒன்று வீட்டில், மற்றது திருப்பூரில். கடைக்காரர் "பார்மட்" என்னும் சொல்லை உதிர்த்தால் அதன் பொருள், வட்டில் உள்ள அனைத்தும் துடைக்கப்படும் என்பதே. இதை அறியாமல் தலையாட்டிவிட்டுப் பின்னர் கண்ணீர் விட்ட குடும்பங்கள் உண்டு.

இனி, அப்பெட்டியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற மாணவர்க்கு, 2020ஆம் ஆண்டளவில் நின்றுபோகும்வரை, ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் சென்று சேர்ந்தன. கம்பம் பள்ளத்தாக்கில் தென்னந்தோப்புக் காவல் குடிசையிலும் அவற்றுள் ஒன்று இருக்கக் காணலாம். பல இல்லங்களில் அதுவே முதற் கணினி; இன்றுவரை அதுவே ஒரே கணினியும்கூட. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி சுழல் வட்டும் இருந்தன. அக்காலத்துப் பள்ளி வேலைக்கு அது போதுமானதே. பெட்டி இளைத்தது பாதி உண்மை. அதன்மேல் நாம் ஏற்றும் சுமை பெருத்தது மீதிப் பாதி. அன்றைய இணையப் பக்கம் ஒரு தாள் என்றால், இன்றைய பக்கம் படமும் காணொளியும் விளம்பரமும் சேர்ந்த ஒரு கட்டு.

நோய் எதுவென்று அறியாமல் மருந்து வாங்கலாகாது. விண்டோஸ் ஓடும் பெட்டியாயின் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். "டாஸ்க் மேனேஜர்" என்றொரு பலகை திறக்கும். விண்டோஸின் பிந்திய பதிப்புகளில் அதில் வட்டு, நினைவகம், செயலி என்னும் மூன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கின்றன என்பது தெரியும். வட்டு எந்நேரமும் 100 விழுக்காட்டில் நின்றால் குற்றம் வட்டினுடையது. நினைவகம் நிரம்பி வழிந்தால் அதன் போதாமை. ஒன்றும் திறவாமலே செயலி திணறினால், வேண்டாத நிரல்களோ நச்சு நிரலோ உள்ளே குடிகொண்டுள்ளன. விசிறி இரைய, அடிப்புறம் கைவைக்க முடியாமல் சுட்டால், காற்று செல்லும் துளைகளில் தூசி அடைத்திருக்கிறது; சூடு மிஞ்சினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி நீக்கி, செயலியின்மேல் காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுவது சிறு செலவு. மெத்தைமீது பெட்டியை வைத்துப் பயிலும் பிள்ளைகளைத் தடுத்து, ஒரு மரப்பலகை கொடுத்தாலே பாதி நோய் நீங்கும்.

வட்டும் நினைவகமும் செய்யும் வேலையை நம் ஊர் வழக்கில் கூறுவதானால், நினைவகம் நெற்களம், வட்டு நெற்குதிர். களம் விரிந்திருந்தால் அறுத்த நெல் முழுவதையும் ஒரே வேளையில் காயவைக்கலாம். களம் சிறுத்தால், கொஞ்சம் பரப்பி, அள்ளிக் குதிரில் போட்டு, மீண்டும் எடுத்துப் பரப்பி என்று நாள் முழுதும் அலைய வேண்டும். குதிருக்குப் போய்வரும் ஆளும் முதியவராக இருந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. 2 ஜிபி நினைவகமும் சுழல் வட்டும் கொண்ட பெட்டி படும் பாடு இதுவே.

ஆதலால் முதற் செலவு வட்டுக்குத்தான் என்பது நம் துணிபு. சுழல் வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் திட நிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துவதைப் போல் பழைய பெட்டிக்கு உயிர் கொடுப்பது பிறிதொன்றில்லை. அதில் சுழலும் பகுதி கிடையாது. முள் ஓடித் தேட வேண்டியதில்லை. ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் திரட்டும் வேலையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாட்டுவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ளது. பத்து நிமிடம் காத்திருந்த இடத்தில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகும். இப்பெட்டிகளுக்கு வேண்டியது "இரண்டரை அங்குல சாட்டா" வகை. அதற்கு மாறாக, சிறு பட்டை போன்ற "எம்.2" வகையை வாங்கிவந்து பொருந்தாமல் விழிப்பவர் பலர். 256 ஜிபி அளவு ஒரு மாணவிக்குத் தாராளம்.

கழற்றிய பழைய வட்டை எறிந்துவிடாதீர்கள், கடையிலும் விட்டுவராதீர்கள். யு.எஸ்.பி. உறை என்று சிறு விலையில் ஒரு கூடு கிடைக்கிறது. வட்டு இன்னும் நலமாக இருந்தால் அதில் வைத்து, படங்களின் மூன்றாம் பிரதியாகப் பீரோவில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் செலவு நினைவகம். இங்கே ஒரு பொறி உள்ளது. முதற் சுற்றுகளில் வந்த பெட்டிகளில் "விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்" என்னும் பதிப்பு இருந்தது. அப்பதிப்பு 2 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கண்டுகொள்ளாது. நிறுவனம் வகுத்த வரம்பு அப்படி. பணம் கொடுத்து 4 ஜிபி ஆக்கினாலும், இயக்க அமைப்பை மாற்றாதவரை ஒரு துளிப் பயனும் இராது. "நினைவகம் கூட்டினேன், வேகம் கூடவில்லை" என்று குறைபடுவோர் இதை முதலில் நோக்க வேண்டும்.

அடுத்து, வகை. பழைய பெட்டிகளுக்குரியது டி.டி.ஆர்.3. இன்று புதிதாக விற்கும் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டும் அப்பள்ளத்தில் பொருந்தவே மாட்டா. வெட்டு வேறிடத்தில் இருக்கும். டி.டி.ஆர்.3இலும் இரண்டு உண்டு: 1.5 வோல்ட்டில் இயங்குவது ஒன்று; 1.35 வோல்ட்டில் இயங்கும் "எல்" என்ற எழுத்துடையது மற்றொன்று. "எல்" வகை பெரும்பாலும் இரண்டு இடத்திலும் வேலை செய்யும்; மற்றது அப்படியன்று. பழைய பட்டையைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்வதே நல்வழி. புதியது அரிதாகையால், வேறு பெட்டிகளிலிருந்து கழற்றியதைத் தேனியிலோ மதுரையிலோ, சென்னைக்குச் செல்வோர் இருந்தால் ரிச்சி தெருவிலோ தேடலாம். நினைவகத்தில் தேயும் உறுப்பு இல்லை. பழையது வாங்குவதில் அச்சமில்லை. எஸ்.எஸ்.டி.யை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். எழுத எழுதத் தேய்வது அதன் இயல்பு.

விலைகளை எண்ணிட்டுக் கூறாததற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கென எழும் மாபெரும் கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை விழுங்க, சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரு நிறுவனங்களும் தம் ஆலைகளை அப்பக்கம் திருப்பின. கணினி பழுது பார்ப்போர் நெடுநாள் நம்பிய "குரூஷியல்" என்னும் சில்லறை வணிகத்தையே கைவிடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் ஓர் இயந்திரம் கவிதை புனையக் கற்க, வீரபாண்டியில் ஒரு மாணவியின் 4 ஜிபி விலையேறுகிறது. உலகம் சுருங்கிவிட்டது என்று மேடையில் சொல்வார்கள். கடையில் நின்றால்தான் அது விளங்கும். கடைக்குப் போகுமுன் இரண்டு மூன்று இடங்களில் தொலைபேசியில் விலை கேட்டுவிடுங்கள்.

மின்கலம் மூன்றாவது. வீட்டு மேசையில் மின்னிணைப்போடு பயில்வதாயின் அது செத்திருந்தாலும் வேலை நடக்கும். ஆனால் நம் பக்கத்தில் காற்றும் மழையும் அடிக்கும் நாளில் மின்சாரம் போய்ப் போய் வருவதும், ஒவ்வொரு முறையும் பெட்டி பொட்டென்று அணைவதும் எழுதியதை அழிப்பதோடு இயக்க அமைப்பையும் சிதைக்கும். பணம் மிஞ்சினால் மாற்றுங்கள். மிஞ்சாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதியதைச் சேமிக்கும்படி மகளைப் பழக்குங்கள்.

உறுப்புகள் ஆயின. உள்ளே ஓடும் இயக்க அமைப்பே இனிப் பெரும் வினா. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. கூகுள் குரோம் உலாவியும் 2023இல் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று அதே முடிவு வந்தது. தனியார் பயனாளிகள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும் என ஓராண்டுத் தவணை அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால் 4 ஜிபி நினைவகத்தோடு "டி.பி.எம். 2.0" என்னும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. 2014இன் பெட்டி அவ்வாயிலுக்குள் நுழைய இயலாது. திருத்தம் நின்ற அமைப்பு அன்றைக்கே நின்றுவிடுவதில்லை. பூட்டுத் துருப்பிடித்த கதவைப் போல் இருக்கும். அதில் வங்கிக் கணக்கையோ ஆதாரையோ திறப்பது தகாது.

சில இடங்களில், "கிராக் போட்ட விண்டோஸ் முந்நூறு ரூபாய்" என்பார்கள். உரிமம் இல்லாத பிரதி என்பதால் அது குற்றம் என்பது ஒருபுறம்; அப்பிரதியைத் திறக்கப் பயன்படும் சாவி நிரலிலேயே பெரும்பாலும் நச்சு ஒளிந்திருக்கிறது என்பது மறுபுறம். பிள்ளையின் கடவுச்சொற்களை எவனோ ஒருவனுக்கு முந்நூறு ரூபாயும் சேர்த்துக் கொடுப்பானேன்?

நேரிய வழி லினக்ஸ். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அரசு வழங்கிய பெட்டிகளிலேயே, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய "பாஸ்" என்னும் இந்திய லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. திறந்து பார்த்தவர்தாம் சிலர். குமுளியைத் தாண்டினால், கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே பயின்று வருகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு எளிதானது இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அரிதாகிவிடுமா என்ன? விண்டோஸில் பழகியவர்க்கு "லினக்ஸ் மின்ட்" என்பதில், எடை குறைந்த "எக்ஸ்.எஃப்.சி.இ." பதிப்பைப் பரிந்துரைக்கிறோம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் நன்கு ஓடும். விலை ஏதுமில்லை. "லிப்ரே ஆபிஸ்" என்னும் எழுத்து, கணக்குச் செயலிகள் உடன் வருகின்றன. கோப்பைச் சேமிக்கும்போது வேர்டு அல்லது எக்செல் வடிவைத் தேர்ந்தால் கல்லூரியில் திறக்க இடர் இராது. தமிழ் எழுதத் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. வட்டில் ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதியும் உள்ளது. ஒலி, கம்பியில்லா இணைப்பு, அச்சுப்பொறி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதித்துவிட வேண்டும்.

குறை ஒன்றை மறைக்கலாகாது. பி.காம். மாணவிக்கு டேலி வேண்டும். டேலி விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. இரண்டு வழி உண்டு. கல்லூரிக் கணினிக்கூடத்தில் அதைப் பயின்று, வீட்டில் மற்றவற்றைச் செய்வது முதல் வழி. தொடக்கத்தில் அதுவே போதும். உரிமமுள்ள விண்டோஸ் கணினி யாரிடமாவது கிடைத்தால், உரிமம் இன்றியே "கல்விப் பயன்முறையில்" டேலியைத் திறந்து பழகலாம் என்பது மற்றது; அம்முறையில் மாதத்தின் 1, 2, கடைசி நாள் ஆகிய சில தேதிகளில் மட்டுமே பதிவிட முடியும். பயிற்சிக்கு அது தடையன்று.

செய்தபின் அப்பெட்டி எவ்வளவு தாங்கும்? கட்டுரை எழுதவும், பாடக் குறிப்பு படிக்கவும், மின்னஞ்சல் அனுப்பவும், கணக்குத் தாள் போடவும் ஈராண்டு மூவாண்டு தாங்கும். பலர் முகம் தோன்றும் காணொளிக் கூட்டத்தில் திணறும். அதற்குக் கைப்பேசி இருக்கிறது. திரையின் கீல் உடைந்திருந்தாலோ, தாய்ப்பலகை கெட்டிருந்தாலோ, திரையில் கோடு விழுந்திருந்தாலோ நம் ஆலோசனை மாறும். அவற்றுக்குச் செலவிடும் பணம் ஆற்றில் கரைத்த புளி.

அந்நிலையில், புதியதற்கும் பழையதற்கும் இடையே மூன்றாவது ஒன்று உண்டு. பெங்களூரு, சென்னை நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் செப்பனிடப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. லெனோவா திங்க்பேட், டெல் லாட்டிடியூட், எச்.பி. எலைட்புக் ஆகியவை அவ்வினம். அலுவலகத்துக்கென உறுதியாகச் செய்யப்பட்டவை. கழற்றிப் பழுது பார்க்க எளியவை. மலிவு விலையில் வரும் புதுப் பெட்டிகள் பலவற்றைக் காட்டிலும் இவற்றையே நாம் மேலாக மதிக்கிறோம். மலிவுப் புதியவற்றுள் சிலவற்றில் 4 ஜிபி நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட வழியே இராது. கடையில் மின்னும் பெட்டி மூன்றாம் ஆண்டில் இதே மடலை நமக்கு எழுதவைக்கும்.

செப்பனிட்டது வாங்குவோர் செயலியின் எண்ணைப் பாருங்கள். "ஐ5" என்பது மட்டும் போதாது. அதனை அடுத்து வரும் எண் 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 6200 என்றால் ஆறாம் தலைமுறை. "ஐ5 இருக்கிறது, ஐயா" என்று மட்டும் கூறிப் பத்தாண்டுப் பழையதை விற்பவர் உளர். மின்கலம் முதலில் எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். வெண்ணிறத் திரையை வைத்துக் கறை உண்டா என்று நோக்குங்கள். எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அணைத்து மீண்டும் எழுப்பி, தொடக்கத்திலேயே கடவுச்சொல் கேட்கிறதா என்று காணுங்கள். கேட்டால் அது பழைய நிறுவனத்தின் பூட்டு, விட்டுவிடுங்கள். தொடர் எண் குறித்த ரசீது அவசியம். மடிக்கணினிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, "ரசீது வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்பவர் குறைப்பது உங்கள் உத்தரவாதத்தையும் சேர்த்துத்தான். மூடியில் அரசு இலச்சினை உள்ள பெட்டி விலைக்கு வந்தால் வாங்காதீர்கள். அது ஒரு மாணவருக்குக் கொடுக்கப்பட்டது, விற்பதற்கு அன்று.

"வட்டியில்லாத் தவணை" பற்றியும் ஒரு சொல். வட்டி என்பது எங்கோ ஒளிந்திருக்கிறதே ஒழிய, வட்டியில்லாக் கடன் என்று ஒன்றில்லை என 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. நடைமுறைக் கட்டணம் என்று ஒன்று, ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமை என்று ஒன்று. கூட்டிப் பாருங்கள், வட்டி வெளியே வரும்.

ஒரு ரூபாயும் செலவிடுமுன் மகளைக் கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்புங்கள், சகோதரியே. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாதத் தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது. 2026 ஜனவரித் தொடக்கத்தில் வழங்கலும் தொடங்கியது. தம் கல்லூரி அதில் அடங்குமா, எந்த ஆண்டு மாணவர்க்கு, எப்போது என்பதை அலுவலகத்தில் நேரே கேட்டறிவதே முறை. கிடைக்கும் வாய்ப்பு இருந்தால், பழைய பெட்டிக்கு எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டு அதுவரை ஓட்டலாம். வாய்ப்பு இல்லையென்றால், எஸ்.எஸ்.டி.யோடு நினைவகமும் சேர்த்துத் தூசி நீக்குங்கள். கையிலுள்ள ஒன்பதாயிரத்துக்குள் இது அடங்க வேண்டும். அதற்கு மேல் ஒருவர் கேட்டால் வேறொருவரைக் கேளுங்கள். செப்பனிட்ட நல்ல பெட்டி ஒன்றின் விலையில் பாதியை எட்டும் பழுதுச் செலவை எப்போதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தோடு காதிலேயே இருக்கட்டும்.

மகளுக்கும் ஒரு குறிப்பு: மகளே, அண்ணன் பயன்படுத்திய பெட்டியைக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லக் கூச்சமாக இருக்கிறது என்று நீ கூறியதாக அம்மா எழுதியிருக்கிறார். கூச்சம் இயல்பே. எஸ்.எஸ்.டி. போட்டபின் உன் பெட்டி முதலில் எழுகிறதா, தோழியின் புதுப்பெட்டி முதலில் எழுகிறதா என்று ஒருநாள் இருவரும் சேர்ந்து பாருங்கள். தோழியினுடையதே முந்தக்கூடும், ஆனால் நீ எண்ணும் அளவுக்கு இராது.

இடம் மிஞ்சியிருப்பதால் உத்தமபாளையம் அன்பர் ஒருவரின் வினாவுக்கும் விடை தருகிறோம். அவர் வீட்டுப் பழைய மடிக்கணினியின் விசைப்பலகை நடுவில் மேடிட்டு வருகிறதாம், அழுத்தினால் அமுங்குகிறதாம். ஐயா, அழுத்தாதீர்கள். உள்ளே லித்தியம் மின்கலம் உப்பியிருக்கிறது. மின்னேற்றுவதை இன்றே நிறுத்துங்கள். ஊசியால் குத்தினால் காற்றுப் போய்விடும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பற்றும். பெட்டியை அணைத்து, துணியோ தாளோ இல்லாத தரையில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழுது பார்ப்பவரிடம் "மின்கலம் உப்பியுள்ளது" என்று முன்கூட்டியே தெரிவித்து எடுத்துச் செல்லுங்கள். கழற்றிய மின்கலத்தைக் குப்பைத் தொட்டியிலோ வாய்க்காலிலோ போடலாகாது. பழைய இரும்பு வாங்குவோரிடமும் கொடுக்கலாகாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கழிவு சேர்வதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. மின்கலங்களுக்கும் 2022இல் தனி விதிகள் வந்துள்ளன. புதிய மின்கலம் வாங்கும் கடையிலேயே பழையதைப் பெற்றுக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.